மூன்றாவது மிதவைக்கு அப்பால்

14 ஜனவரி 1990, ஞாயிறு

பொங்கல் விடுமுறை. டெலிபோன் எக்சேஞ்சில் எனக்கு இன்று வேலை இல்லை. மாதா கோவிலில் பூசை முடிந்து வரும்போதே இவர் இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவர் சைக்கிள் கடை தவசிமுத்து. திருச்செந்தூர் சாலைப் பந்தயத்தில் வருடா வருடம் அவர்தான் முதலில் வருவார். இன்னொருவர் பேங்க் கிருபாகரன், ஓட்டக்காரர். சீலா மீன் குழம்பு நல்லவேளையாகப் போதுமான அளவு இருந்தது.

சாப்பாட்டிலேயே சண்டை தொடங்கியது. யாருக்கு உடம்பில் தெம்பு அதிகம்? நீந்துகிறவனுக்கா, சைக்கிள் மிதிக்கிறவனுக்கா, ஓடுகிறவனுக்கா?

"ஒரு மணி நேரம் கடல்ல கெடந்து பாரும் ஓய். நெஞ்சுக்கூடு எங்க இருக்குன்னு அப்பத் தெரியும்" என்றார் இவர்.

"எதிர்காத்துல நாப்பது கிலோமீட்டர் மிதிச்சிட்டு வந்து பேசும்" என்றார் தவசிமுத்து.

கிருபாகரன் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு கதை சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஹவாய் தீவில் இதே சண்டை நடந்ததாம். அங்கே ஒரு கடற்படை அதிகாரி எழுந்து, ஊரில் நடக்கிற மூன்று பந்தயங்களையும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடுவோம், முதலில் முடிக்கிறவனை இரும்பு மனிதன் என்று கூப்பிடுவோம் என்றாராம். பதினைந்து பேர் இறங்கிப் பன்னிரண்டு பேர் முடித்தார்களாம். அதற்கும் நாலு வருடத்துக்கு முன்பு கலிஃபோர்னியாவில் ஓட்டக்காரர்கள் சிலர் விளையாட்டாக ஆரம்பித்ததுதான் இதற்கெல்லாம் மூலமாம். பெயர் டிரையத்லான்.

"அப்ப நம்ம ஊர்லயும் வச்சிருவோம்" என்றார் இவர். உடனே தேதி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு, மிச்சக் குழம்பைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்திருந்தார். பந்தய யோசனை. கொடுத்துவிட்டேன்.

21 ஜனவரி, ஞாயிறு

கிருபாகரனுக்குக் கப்பல் இன்ஜினியர் ஒருவர் கொடுத்த வீடியோ கேசட். வாடகைக்கு டெக் எடுத்து வந்து எங்கள் வீட்டில் போட்டார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய ஹவாய்ப் பந்தயம். முன்னணியில் வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கால் மடிந்துவிட்டது. எழுந்தாள், விழுந்தாள். இன்னொருத்தி தாண்டிப் போய் ஜெயித்துவிட்டாள். இவள் கையை ஊன்றித் தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டாள்.

"இத டிவில பாத்த பெறவுதான் உலகமே இந்தப் பந்தயத்துல எறங்குச்சு" என்றார் கிருபாகரன்.

ஆண்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. அவளுடைய கண் திறந்திருந்தது, ஆனால் அவள் அங்கே இல்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் வெங்காயம் உரித்தேன்.

29 ஜனவரி

இவர் கையிலிருந்து டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. இந்த மாதம் மூன்றாவது. எவர்சில்வர் தம்ளர் வாங்க வேண்டும்.

5 பிப்ரவரி, திங்கள்

பந்தயம் மார்ச் 18 என்று முடிவாகிவிட்டது. முயல் தீவுக் கடற்கரையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். போன வருடம் பிரான்சில் இந்த விளையாட்டுக்கென்று உலகச் சங்கம் தொடங்கி, இதே தூரத்தில் உலகப் போட்டி வைத்தார்களாம். ஒருநாள் ஒலிம்பிக்கிலும் சேர்ப்பார்கள் என்கிறார் இவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுசனுக்கு ஒலிம்பிக் பேச்சு! ஆனால் பேசும்போது முகம் கல்யாணத்தன்று இருந்ததுபோல் இருக்கிறது.

காலையில் வேலைக்கு முன் நீச்சல், சாயங்காலம் சைக்கிள். உடம்பு இளைத்துவிட்டது.

இவர் கிரேனிலிருந்து மரத்தடிக் கட்டு ஒன்று வேகமாக இறங்கி இரண்டு தடி பிளந்துவிட்டதாம். கீழே ஆள் இல்லை. கம்பி வழுக்கியிருக்கும் என்றார். தலையணை உறைகளைத் துவைத்துப் போட்டேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு

முதல் தடவையாக இவர் நீந்துவதைப் பார்க்க முயல் தீவுக்குப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரைக்காரிதான், கணுக்கால் வரைதான் கடல்.

கரையை ஒட்டி நேராகப் போனார். கையைத் தூக்கிப் போடுவது பார்க்க அழகாக இருந்தது. திடீரென்று நின்றார். பிறகு கரையை விட்டு, ஆழ்கடல் பக்கம் திரும்பி மெதுவாகப் போக ஆரம்பித்தார். ஒரு கை மட்டும் அசைந்தது. நான் கூப்பிட்டேன். அலைச் சத்தத்தில் கேட்டிருக்காது. அதிக நேரம் இல்லை, நான் ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் கரைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"எதுக்கு அங்கிட்டுப் போனீங்க?"

"எங்கிட்டு?"

"வெளிய. ஆழத்துக்கு."

"நேராத்தான வந்தேன்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை.

நீரோட்டம் இழுத்திருக்கும்.

14 பிப்ரவரி, புதன்

சாப்பிடும்போது பாதியில் நின்றுவிட்டார். கண் திறந்திருக்கிறது. வாய் வெறுமனே மெல்லுகிறது, சப்புக் கொட்டுவதுபோல். விரல் பொத்தானைத் தேடுகிறது. தோளைத் தொட்டேன். தெரியவில்லை. பிறகு பெருமூச்சு விட்டு, "என்ன, மோர் இல்லையா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். மறுபடியும் சொன்னேன். கோபம் வந்துவிட்டது.

"கண்ணு தெறந்துதான இருந்துச்சி? பெறவு என்ன? வேலைக்கும் போயி, பயிற்சியும் பண்ணுதவனுக்கு ஒரு நிமிசம் அசதி வராதா?"

வரும்தான்.

20 பிப்ரவரி, செவ்வாய்

வேலூரில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் சிசிலிக்கு எக்சேஞ்சிலிருந்தே கால் போட்டேன். என் தோழி வீட்டுக்காரருக்கு என்று சொல்லிக் கேட்டேன். சிசிலி பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ், எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டாள். கண் நிலைகுத்துமா, வாய் அசையுமா, பிறகு ஞாபகம் இருக்குமா. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள். கீழே விழுந்து கை கால் வெட்டினால்தான் அது என்று இல்லையாம், இப்படியும் வருமாம். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"ஒன் தோழி வீட்டுக்காரர் என்ன வேலை பாக்காரு அமலி?" என்று கேட்டாள்.

லைன் சரியில்லை என்று சொல்லி வயரைப் பிடுங்கிவிட்டேன். அதற்கப்புறம் வந்த இரண்டு கால்களைத் தப்பான நம்பருக்குப் போட்டேன்.

28 பிப்ரவரி

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டில் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இருபத்துமூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கேரியர் வைத்த சைக்கிள்தான். தண்ணீரிலிருந்து வந்து சைக்கிளை எங்கே எடுப்பது, எங்கே உடுப்பு மாற்றுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. இவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். அழிக்க மனமில்லாமல் அந்த இடத்தை விட்டுப் பெருக்கினேன்.

10 மார்ச், சனி

பந்தயத்துக்குப் பேர் கொடுத்த எல்லோரையும் டாக்டர் பாக்கியசீலி இன்று சோதித்தார். நானும் கூடப் போனேன். காய்கறி வாங்குகிற வழிதான். நாடி, இரத்த அழுத்தம், நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, "குதிரை மாதிரி இருக்கீங்க ரெமிஜியுஸ்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முருங்கைக்காய் நன்றாக இருந்தது.

15 மார்ச், வியாழன்

இதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு மத்தியான ஷிப்ட், கொடுத்துவிட்டுப் போகலாம் என்று துறைமுகத்துக்குப் போனேன். வாயில் கம்பிக்கு உள்ளே அவர் கிரேன் தெரிந்தது. மரத்தடிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஐந்தாறு பேர் அண்ணாந்து கை காட்டுகிறார்கள். கட்டு அசையவில்லை. பிறகு தானாக ஒரு பக்கமாக நகர்ந்தது, அவர்கள் தலைக்கு மேலேயே. ஒருவன் சிரித்துக்கொண்டே, "அண்ணன் தூங்கிட்டாருல" என்று கத்தினான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். கட்டு மறுபடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சரியாக லாரியில் இறங்கியது.

சிசிலி ஏன் வேலையைக் கேட்டாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் வயரைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்தார்.

"எனக்குந் தெரியும்" என்றார். "மூணு மாசமா. லிவர்ல கை இருக்கும். எப்ப வச்சேன்னு தெரியாது. கீழ பாத்தா கட்டு வேற எடத்துல நிக்கும். வேர்த்து ஊத்தும் அமலி."

"பெறவு எதுக்கு இந்தப் பந்தயம்? கடல்ல போயி..."

"மூணையும் முடிச்சிட்டேன்னு வையி. அவனுக்கு நோவுன்னு எவனாவது சொல்லுவானா? நானே நம்ப மாட்டேன்."

நான் அழுதேன். பந்தயம் முடியும்வரை கிரேன் ஏறமாட்டேன், லீவு போடுகிறேன், அதற்கு மறுநாள் பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொன்னார். பதிலுக்கு நான் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன். நீந்துகிறவர்களோடு வரும் காவல் வள்ளத்தில் நானும் இருப்பேன் என்றேன்.

"நீச்சல் தெரியாதவ வள்ளத்துல என்ன செய்வ?"

"பாத்துக்கிட்டு இருப்பேன்."

17 மார்ச், சனி

மூங்கில் கட்டி, சைக்கிள் மாட்ட இடம் செய்துவிட்டார்கள். எண்ணெய் பீப்பாய்க்கு ஆரஞ்சு வர்ணம் அடித்து நாலு மிதவைகள். நான் வாழைப்பழமும் எலுமிச்சையும் உப்பும் வாங்கி வைத்தேன். கோவிலுக்குப் போய்ப் பனிமய மாதா முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. மழை பெய்து பந்தயம் நின்றுவிட வேண்டும் என்று கேட்டேன். வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது.

18 மார்ச், ஞாயிறு

வந்தது பத்தொன்பது பேர். நாலு பேர் கடலை நினைத்ததுமே வரவில்லை என்று கிருபாகரன் சிரித்தார். துறைமுகத்துப் பெரிய அதிகாரி ஒருவர் கொடியசைக்க வந்திருந்தார். டாக்டர் ஒரு குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். காவலுக்கு வந்த மீன்பிடிக்காரர் மிக்கேல் அண்ணன் வள்ளத்தில் நான் ஏறினேன். இன்ஜின் மூடிமேல் உட்கார வைத்து, "கம்பியப் புடிச்சிக்கம்மா" என்றார்.

கொடி அசைந்ததும் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடித் தண்ணீரில் விழுந்தார்கள். முதல் மிதவைக்குள்ளேயே இவர் தனியாக முன்னால் போய்விட்டார். சிவப்புத் துணித் தொப்பி. அந்தத் தொப்பியைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டாவது மிதவை தாண்டியது. கை சீராக ஏறி இறங்கியது. தேவனே, முடித்துவிடுவார்போல என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது.

மூன்றாவது மிதவையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

நேராகப் போனார். ஒரு கை மட்டும்.

"எங்க போறான் இவன்?" என்றார் மிக்கேல் அண்ணன். "ஏல ரெமி! இங்கிட்டு!"

"அண்ணே, கிட்டப் போங்க."

"வழி தப்பிட்டான். கூப்புட்டாத் திரும்புவான்."

"திரும்ப மாட்டாவ. கிட்டப் போங்க அண்ணே!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வள்ளம் திரும்புவதற்குள் தொப்பி இறங்கியது. ஏறியது. பிறகு முகம் தண்ணீருக்குள் போய் முதுகு மட்டும் தெரிந்தது. அலை அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது, துணி மூட்டையை ஆட்டுவதுபோல. மிக்கேல் அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குதித்தார். நான் வள்ளத்தின் விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து கையை நீட்டினேன். எனக்குக் கிடைத்தது தலைமுடிதான். அதைப் பிடித்தேன். முகம் வெளியே வந்தது. கண் திறந்திருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது, கடல் தண்ணீரை.

அண்ணன் கீழேயிருந்து தள்ள, நான் இழுக்க, எப்படியோ உள்ளே விழுந்தார். குப்புறப் போட்டு முதுகில் அடித்தார் அண்ணன். தண்ணீர் கொட்டியது. இருமினார். என்னைத் தெரியாமல் என் கையைத் தள்ளிவிட்டார். அந்த நேரம் எவ்வளவு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மற்ற நீச்சல்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எத்தனாவது மிதவை?" என்று கேட்டார் இவர்.

முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன்.

"வள்ளத்தத் தொட்டா ஆட்டம் போச்சு. எறக்கி விடு."

"மாட்டேன்."

"எறக்கி விடுளா!"

"மாட்டேன்."

மிக்கேல் அண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "இவனுக்கு என்னம்மா?"

"வலிப்பு" என்றேன். சொல்லிவிட்டேன்.

கரையில் டாக்டர் ஓடி வந்தார். முன்பு இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். "இல்ல டாக்டர், வெயிலு" என்றார் இவர். அதிகாரி பக்கத்திலேயே நின்றார். தவசிமுத்து சைக்கிளை எடுக்கப் போனவர், அதை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"வந்திருக்கு" என்றேன். "வீட்டுல வந்திருக்கு. கடல்ல ஒரு தடவ வந்திருக்கு. கிரேன்லயும் வந்திருக்கு. கீழ ஆள் நிக்கையில."

அதிகாரி குடையைத் தாண்டி ஒரு அடி முன்னால் வந்தார். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

வீட்டுக்குப் போகலாம் என்றதற்கு மாட்டேன் என்றுவிட்டார். துண்டைப் போர்த்திக்கொண்டு, முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். முதலில் வந்தது கிருபாகரன். பத்தொன்பதில் பதினொரு பேர்தான் முடித்தார்கள். கடைசியாக ஒரு உப்பள மேஸ்திரி, கால் கொப்பளித்து நடந்தே வந்தார். எல்லோரும் கலைந்திருந்தார்கள். இவர் மட்டும் எழுந்து நின்று கை தட்டினார்.

20 மார்ச்

பேசவில்லை.

22 மார்ச்

பேசவில்லை. நான் எக்சேஞ்சிலிருந்து இடையிடையே வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, இவர் நடமாடுகிறாரா என்று கேட்கிறேன். கடைக்காரர் சலித்துக்கொள்கிறார்.

24 மார்ச், சனி

தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு மரிய புஷ்பம் ஒரு சாவிக்கொத்தோடு வந்து, "இத அவுக கையில குடுத்து வையி, இரும்பு புடிச்சா வலிப்பு நிக்கும்" என்றாள். நான் கூசிப்போனேன். அவள் போனதும் இவர் அந்தச் சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தார்.

"இரும்பு மனுசன்னு பேரு வாங்கணும்னு பாத்தேன். இரும்பக் கொண்டாந்து கையில குடுத்துட்டாவ" என்றார்.

சிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. அது சிரிப்பில்லை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

27 மார்ச், செவ்வாய்

பாளையங்கோட்டை. தலையில் பசை போட்டு வயர் ஒட்டினார்கள். காகிதத்தில் கோடு ஓடியது, ஓரிடத்தில் முள்முள்ளாக. டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையாகச் சொன்னார். சிறுவயதில் கடுமையான காய்ச்சலில் ஜன்னி வந்திருக்கலாம், அதன் தழும்பு. மாத்திரையில் அடங்கும், ஒருவேளைகூட விடக் கூடாது. கிரேன் கூடாது. கடல் கூடாது.

"ஓட்டம்?" என்று கேட்டார் இவர்.

"கொஞ்ச மாசம் போகட்டும். கூட ஒரு ஆள் இருந்தா ஓடுங்க."

16 ஏப்ரல், திங்கள்

ஈஸ்டர் மறுநாள். இன்று முதல் இவருக்குத் துறைமுக ஸ்டோரில் வேலை. நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுப்பது. வந்ததும் சட்டையை வீசினார்.

"அந்த எடத்துல நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"இருந்திருந்தா ஒருத்தன் செத்திருப்பான்."

"நானே செத்திருந்தாலும் கிரேன்காரனாச் செத்திருப்பேன்."

நான் சட்டையை எடுத்து மடித்தேன்.

3 ஆகஸ்டு

மே மாதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அப்படி எழுதும்போதே பயமாக இருக்கிறது. மாத்திரையால் எப்போதும் தூக்கக் கலக்கம். சாயங்காலம் கிருபாகரன் வந்து கூட்டிக்கொண்டு போகிறார். இரண்டு பேரும் மெதுவாக ஓடுகிறார்கள். திரும்பி வரும்வரை நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

11 நவம்பர், ஞாயிறு

இரண்டாம் வருடப் பந்தயத்துக்குப் பேச்சு. மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும்கூடக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தவசிமுத்து ஒரு யோசனை சொன்னார். மூன்று பேர் சேர்ந்து ஒரு குழுவாகவும் வரலாம், ஆளுக்கு ஒன்று. "நான் மிதிக்கேன், நீரு ஓடும். நீந்த மிக்கேல் அண்ணன் மருமவன் இருக்கான்."

"அது டிரையத்லான் இல்ல ஓய்" என்றார் இவர். "மூணும் ஒருத்தன் செய்யணும். அதான ஆரம்பிச்ச சண்டையே."

"அந்தச் சண்டை முடிஞ்சிட்டு. நாங்க தோத்துட்டோம்னு வையும். வாரீரா இல்லையா?"

இவர் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. நான் கண்ணை உற்றுப் பார்த்தேன். யோசனைதான். இம்முறை நிஜமாகவே யோசனை.

17 மார்ச் 1991, ஞாயிறு

அறுபத்திரண்டு பேர். அதில் மூன்று பெண்கள். ஆறு குழுக்கள். இப்போது இரண்டிரண்டு பேராகத்தான் நீந்த வேண்டும், மிதவைக்கு ஒரு வள்ளம் என்பது விதி. யாரால் வந்த விதி என்று யாரும் சொல்லவில்லை.

தவசிமுத்து சைக்கிளில் வந்து இறங்கி, இவர் கையைத் தட்டினார். இவர் ஓடினார். பாதை கடற்கரையை ஒட்டிப் போய், பனங்காட்டுக்குள் நுழைந்து, சுற்றித் திரும்பி வரும். பனைகளுக்குள் அவர் முதுகு மறைந்தது. கூட ஓட வேண்டிய கிருபாகரன் அப்போதுதான் தன் சைக்கிளில் பாதி வழியில் இருந்தார். அதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

காத்திருந்தேன். அவருக்குப் பின்னால் போனவர்கள் வந்தார்கள். கொச்சிக்காரர் வந்தார். ஒரு பெண் வந்தாள், எல்லோரும் கூச்சலிட்டார்கள். இவர் வரவில்லை. பனங்காட்டுக்குள் ஒரு கிணறு உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதற்குமேல் நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். புடவை காலில் தடுக்கியது, முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினேன். எதிரே வந்தவர்கள் என்னைப் பந்தயக்காரி என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கிணற்றைத் தாண்டி, ஒரு பனைமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

"காலுல சுளுக்கு" என்றார். "வேற ஒண்ணுமில்ல. நீ எதுக்கு ஓடியாந்த?"

எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக நடந்தோம். மரங்கள் முடிந்து வெளிச்சம் தெரிந்தது, தவசிமுத்து கத்துவது கேட்டது.

"பயந்துட்டியா?" என்று கேட்டார்.

போன வருடம் முழுக்க இந்தக் கேள்விக்கு இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன், அவரிடமும், இங்கேயும்.

"ஆமா" என்றேன்.

"நானுந்தான். அந்தக் கெணத்தப் பாத்ததும் நடந்தே வந்தேன், புடிச்சிக்க மரத்தத் தேடிக்கிட்டு. அப்பதான் காலு பெசகுச்சி."

கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது என் கையை எடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே தனியாகப் போய்த் தாண்டினார். எத்தனையாவது குழு என்று நான் கேட்கவில்லை.

மாத்திரை தீரப்போகிறது. நாளைக் காலை ஷிப்டுக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும்.